ஜப்தி வரும் பின்னே, நோட்டீஸ் வரும் முன்னே

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அண்ணன் ஒரு மாதத்துக்கு முன்பு போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் நீ பேசோணும். ஏதாவது டெக்னிக்கலா பேசு" என்றார். "நிட்டிங் மெஷின்ல ஊசி உடையறதப் பத்திப் பேசட்டுங்களாண்ணா?" என்று கேட்டேன். "அது திருப்பூர்ல சின்னப் பையனுக்கும் தெரியும். தெரியாததாப் பேசு" என்றார். "அப்படின்னா என் பேங்க் கணக்க ஜப்தி பண்ணுன கதையச் சொல்றேங்க" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "அத மேடையில சொல்லலாமாப்பா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் ஆர்டர் கேன்சல் ஆனால் டீக்கடையில் சொல்கிறோம். எக்ஸ்போர்ட் பார்ட்டி ஏமாற்றினால் கல்யாண வீட்டில்கூடச் சொல்கிறோம். வரி நோட்டீஸ் வந்தது என்று மட்டும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அந்தப் பூட்டுத்தான் நம்மைக் கெடுக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 2010-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தேன். ஐந்து வருடம் வேறொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, அங்கேரிபாளையம் ரோட்டில் ஆறு சர்குலர் நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். பனியன் கம்பெனிக்காரர் நூல் கொடுப்பார். நாங்கள் துணியாக ஓட்டிக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். திருப்பூரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான் ஊரில் பாதி மளிகைக் கடைகள் நடக்கின்றன.

2024 செப்டம்பர் கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. சம்பளத்துக்குப் பணம் எடுக்கப் பையனை பேங்குக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவன் போன் செய்தான். "அண்ணா, பணம் எடுக்க முடியாதுங்களாம். நீங்க நேர்ல வரோணுமாம்" என்றான். போனேன். மேனேஜர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 79-ஆம் பிரிவில், படிவம் டி.ஆர்.சி-13. 'இன்னார் அரசுக்கு ஒன்பது லட்ச ரூபாய் செலுத்த வேண்டியிருக்கிறது. உங்களிடம் அவருக்கு உள்ள பணத்தை அரசுக்குச் செலுத்தவும்' என்பது அதன் சாரம். என் கணக்கில் இருந்தது இரண்டு லட்சத்து எழுபதாயிரம். அத்தனையும் முடக்கம்.

"எனக்கு நோட்டீஸே வரலையே சார்" என்றேன். மேனேஜர் நல்ல மனிதர். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார்.

அன்று ராத்திரி ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. போர்ட்டலைத் திறந்து பார்த்தோம். நோட்டீஸ் வந்திருந்தது. ஒன்று இல்லை, நாலு. விளக்கம் கேட்டு ஒன்று, காரணம் காட்டச் சொல்லி ஒன்று, நேரில் வரச்சொல்லி நினைவூட்டல் ஒன்று, கடைசியாக 2024 ஏப்ரலில் உத்தரவு. எல்லாம் 2018-19 கணக்குக்கு. அந்தக் காலத்துப் போர்ட்டலில் நோட்டீஸ் என்று ஒரு பக்கம், 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்று வேறொரு பக்கம் இருந்தன. இவை அந்த இரண்டாவது பக்கத்தில் கிடந்தன. மெயில் போயிருந்ததா என்றால், போயிருந்தது. பதிவு செய்யும்போது கொடுத்திருந்த மெயிலும் மொபைல் நம்பரும் எங்களிடம் முன்பு வேலை பார்த்த அக்கவுண்டன்ட் பையனுடையவை. அவன் 2020-லேயே வேலையை விட்டுப் போய்விட்டான். மாற்ற வேண்டும் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே, நம் நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் என்ன ஆகும்? சென்சார் வேலை செய்து மெஷின் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். ஆபரேட்டர் வந்து நூலை முடிந்துவிட்டு மறுபடி ஓட்டுவார். சில ஆபரேட்டர்கள் புரொடக்‌ஷன் காட்டுவதற்காக அந்த ஸ்டாப் மோஷனையே கட்டிப்போட்டு வைப்பார்கள். மெஷின் நிற்காமல் ஓடும். துணி ஓட்டையோடு இறங்கும். இருபது கிலோ ரோல் முழுக்க ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். நான் செய்தது அதுதான். நாலு தடவை விளக்கு எரிந்திருக்கிறது. விளக்கு இருக்கும் பக்கமே நான் திரும்பவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. இருபத்திரண்டு பேருக்குச் சம்பளம், இரண்டு லட்சத்துக்குப் பக்கம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கிறது. போனஸ் பேச்சு ஆரம்பித்திருந்தது. வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் வளையலையும் ஆரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். நகைக்கடனில் வந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். சாயங்காலம் ஆட்களைக் கூப்பிட்டு நின்றேன். "பேங்க்ல கணக்க முடக்கிட்டாங்க. வரிப் பிரச்சினை. தப்பு எம்மேலதான். இன்னைக்குப் பாதி, புதன்கிழமை மீதி" என்றேன். எங்களிடம் பத்து வருடமாக இருக்கும் மாஸ்டர் ஒருவர், தேனி பக்கத்துக்காரர், "இத முந்தியே சொல்லியிருந்தா நாங்க போன வாரமே செலவைச் சுருக்கியிருப்போம்ல தம்பி" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

இனி, சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்ட மட்டும் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. அடிபட்டவன் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு.

வரி பாக்கிக்காகச் சொத்தை எடுக்கும் அதிகாரம் புதியது இல்லை. சென்னை மாகாணத்தில் 1864-லேயே வருவாய் வசூல் சட்டம் வந்துவிட்டது. நிலவரி பாக்கி வைத்தால் தட்டுமுட்டுச் சாமானையும் நிலத்தையும் ஜப்தி செய்து ஏலம் விடலாம் என்றது அது. இன்றைய ஜி.எஸ்.டி. சட்டமும், வேறு வழியில் வசூலாகாவிட்டால் கலெக்டருக்கு எழுதி நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், நிலத்தையோ வீட்டையோ ஜப்தி செய்தால் அந்த இடத்தில் பறையடித்து அறிவிக்க வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். பறைக்குப் பதில் இப்போது போர்ட்டல். பறையடித்தால் தெருவுக்கே கேட்கும். போர்ட்டல் திறந்து பார்ப்பவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

ஆனால் அதே சட்டம் ஜப்திக்கு முன்னால் ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு உண்டு.

முதல் படி, விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இங்கேயே கணக்கைக் காட்டினால் பல விஷயங்கள் முடிந்துவிடும். இரண்டாவது படி, காரணம் காட்டும் நோட்டீஸ். ஏமாற்றும் நோக்கம் இல்லாத வழக்குகளில், இந்த நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் கிடையாது என்றது 2018-19 கணக்குக்குப் பொருந்தும் 73-ஆம் பிரிவு. மூன்றாவது, நேரில் கேட்பது. பாதகமான உத்தரவு போடுமுன் நம்மைக் கேட்க வேண்டும். நாலாவது, உத்தரவு. அது வந்த மறுநாளே கை வைக்க முடியாது. 78-ஆம் பிரிவின்படி பொதுவாக மூன்று மாதம் அவகாசம். அதற்கு முன்பே வசூலிக்க வேண்டுமென்றால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதே மூன்று மாதத்துக்குள் அப்பீல் போடலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் தருவார்கள். நாம் மறுக்கும் வரியில் 10 சதவீதம் கட்டி அப்பீல் போட்டால், மீதித் தொகைக்கான வசூல் தானாகவே நின்றுவிடும். இதற்குத் தனியாகத் தடையுத்தரவு வாங்க வேண்டியதில்லை.

என் கதையில் உத்தரவு ஏப்ரலில் வந்தது. அப்பீல் கதவு ஆகஸ்டோடு மூடிவிட்டது. செப்டம்பரில் பேங்குக்குக் கடிதம் போனது. நான்கு மாதம் திறந்து கிடந்த கதவை, சாத்திய பிறகு போய்த் தட்டினேன்.

மிச்சமிருந்தது உயர் நீதிமன்றம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். சென்னையில் வக்கீல் ஆபீஸ் வாசலில் என்னைப் போலவே பத்துப் பேர் பைலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவர், சேலத்து வெள்ளி வியாபாரி ஒருவர், கரூரிலிருந்து ஒருவர். எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: "போர்ட்டல்ல போட்டது தெரியாதுங்க." அந்தச் சமயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளில், வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, பழைய உத்தரவை ரத்து செய்து, வரிசெலுத்துவோரைக் கேட்டுப் புதிதாக முடிவெடுக்கும்படி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. என் வழக்கில் 10 சதவீதம், நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். கணக்கு முடக்கம் பத்தொன்பதாம் நாள் நீங்கியது.

இப்போது அந்த ஒன்பது லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். வரி நாலரை லட்சம், வட்டி நாலு லட்சத்துச் சொச்சம், அபராதம் நாற்பத்தைந்தாயிரம். வரியில் மூன்று லட்சத்து அறுபதாயிரம், நான் 2018-ல் வாங்கிய ஒரு புது மெஷினுக்கு உரியது. இருபது லட்ச ரூபாய் மெஷின், 18 சதவீத வரி. விற்றவர் வரியைக் கட்டிவிட்டார். ஆனால் தன் ரிட்டர்னில் என் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடாமல், சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றதுபோலக் காட்டிவிட்டார். எனவே நான் எடுத்த வரவு, துறையின் கணக்கில் ஒத்துவரவில்லை. இப்படிப்பட்ட ஆரம்ப காலக் குழப்பங்களுக்கென்றே 2022 டிசம்பர் 27-ல் மத்திய வாரியம் 183-ஆம் எண் சுற்றறிக்கை விட்டிருந்தது. 2017-18, 2018-19 இரண்டு ஆண்டுகளுக்கு, ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் ஐந்து லட்சம் வரை இருந்தால் அந்தச் சப்ளையரின் சான்றே போதும். அதற்கு மேல் போனால் ஆடிட்டர் சான்று வேண்டும். நான் செய்ய வேண்டியிருந்தது அவரிடம் ஒரு காகிதம் வாங்குவது மட்டும்தான். கோயம்புத்தூருக்குப் போய் ஒரே நாளில் வாங்கிவந்தேன். அந்த மூன்று லட்சத்து அறுபதாயிரம் முழுதும் நீங்கியது.

மீதி தொண்ணூறாயிரம்?

இதைச் சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. அது நான் உண்மையிலேயே கட்ட வேண்டிய வரி. 2019 ஜனவரி, பிப்ரவரியில் ஒரு பெரிய பார்ட்டி பணம் தரவில்லை. பதினெட்டு லட்ச ரூபாய் பில். ஜி.எஸ்.டி.யில் நமக்குப் பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பில் போட்டால் வரி கட்ட வேண்டும். 'பார்ட்டி கொடுத்ததும் கட்டிக்கலாம்' என்று அந்த பில்களை ரிட்டர்னில் சேர்க்காமல் தள்ளிவைத்தேன். பார்ட்டி ஜூன் மாதத்தில் கொடுத்தார், வரியும் சேர்த்துத்தான் கொடுத்தார். அந்தப் பணத்தில் நூல் கடைக்குக் கொடுத்தேன், இ.எம்.ஐ. கட்டினேன். வரியை மறந்தேன். மறந்தேன் என்பதைவிட, மறக்க விட்டேன் என்பதே சரி.

தம்பிகளே, பில்லில் நாம் போடும் அந்த 5 சதவீதம் நம் பணம் அல்ல. வழியில் நம் கையில் ஒரு மாதம் தங்கிப் போகும் பணம். தங்க வந்த விருந்தாளியின் பையைத் திறந்து செலவு செய்துவிட்டு, அவர் கிளம்பும்போது முழிப்பதுபோலத்தான் இது.

2025 பிப்ரவரியில் புதிய உத்தரவு வந்தது. தொண்ணூறாயிரம் மட்டும் உறுதியானது. என் நல்ல காலம், 2017-18 முதல் 2019-20 வரையிலான இப்படிப்பட்ட வழக்குகளில், உத்தரவிலுள்ள வரியை 2025 மார்ச் 31-க்குள் முழுதும் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று 128-ஏ என்ற புதுப் பிரிவு வந்திருந்தது. கட்டினேன், விண்ணப்பித்தேன், முடிந்தது. அந்தச் சலுகை அதோடு முடிந்துபோன ஒன்று. அடுத்த தடவை வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். ஒன்பது லட்சம் கடைசியில் தொண்ணூறாயிரம் ஆனது என்று ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். வக்கீல் பீஸ், போக்குவரத்து, நகைக்கடன் வட்டி, அந்தப் பத்தொன்பது நாளில் கைவிட்டுப் போன இரண்டு ஆர்டர் எல்லாம் கூட்டினால், அந்தத் தொண்ணூறாயிரத்தை 2019-லேயே கட்டியவன்தான் கெட்டிக்காரன்.

இதே நிலைமை உங்களில் யாருக்காவது வந்தால் பயன்படட்டும் என்று சில குறிப்புகள்.

முதலாவது, போர்ட்டலில் உள்ள மெயிலும் மொபைல் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆடிட்டருடையதோ அக்கவுண்டன்டுடையதோ அல்ல. திங்கட்கிழமை காலையில் மெஷினுக்கு ஆயில் பார்ப்பதுபோல, மாதம் இருமுறை நோட்டீஸ் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

இரண்டாவது, கட்ட வேண்டியது உண்மை, ஆனால் மொத்தமாக முடியாது என்றால், 80-ஆம் பிரிவில் அதிகபட்சம் 24 மாதத் தவணை கேட்கலாம். படிவம் டி.ஆர்.சி-20. வட்டி உண்டு. ஒரு தவணை தவறினாலும் மொத்தமும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். நாமே ரிட்டர்னில் ஒப்புக்கொண்டு கட்டாமல் விட்ட வரிக்கு இந்தச் சலுகை கிடையாது. அப்படிப்பட்ட வரிக்கு நோட்டீஸ், உத்தரவு என்ற படிக்கட்டும் பெரும்பாலும் கிடையாது. 75-ஆம் பிரிவின் 12-ஆம் உட்பிரிவு நேராக வசூலுக்குப் போக வழிவிடுகிறது.

மூன்றாவது, வழக்கு முடியும் முன்பே போடும் தற்காலிக ஜப்தி வேறு. அது 83-ஆம் பிரிவு. அது ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது. அதை எதிர்த்து டி.ஆர்.சி-22ஏ படிவத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். 2021 ஏப்ரல் 20-ல் ராதா கிருஷண் இண்டஸ்ட்ரீஸ் என்ற இமாசலப் பிரதேச நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது மிகக் கடுமையான அதிகாரம், கையில் தக்க ஆதாரம் இல்லாமல், அவசியம் இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆட்சேபக் கடிதத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

நாலாவது, ஓ.டி., சி.சி. கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. பேங்க் அனுமதித்த வரம்பில் நாம் எடுக்காமல் மிச்சமிருப்பது, பேங்க் நமக்குத் தரவேண்டிய கடன் ஆகாது. 1950-களிலேயே கே.எம். ஆடம் என்பவரின் வருமானவரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. ஜி.எஸ்.டி.யின் தற்காலிக ஜப்தியிலும் குஜராத் உயர் நீதிமன்றம் சி.சி. கணக்கைத் தொடக்கூடாது என்றிருக்கிறது. நடைமுறையில் பேங்க் பயந்துகொண்டு நிறுத்தத்தான் செய்யும். எழுத்தில் கேட்டால்தான் வழி பிறக்கும்.

ஐந்தாவது, நோட்டீஸ் வந்ததும் வீட்டை மனைவி பேருக்கும், காட்டை மச்சான் பேருக்கும் எழுதும் பழக்கம். எனக்கும் ஒரு பெரியவர் அந்த யோசனையைச் சொன்னார், பாசத்தோடுதான் சொன்னார். 81-ஆம் பிரிவு, அரசை ஏமாற்றும் நோக்கத்தில் செய்யும் அப்படிப்பட்ட மாற்றம் செல்லாது என்கிறது. சொத்தும் தப்பாது, நம் பேச்சில் இருந்த நியாயமும் போய்விடும்.

ஆறாவது, இது குறிப்பாக இங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. நம் பக்கம் பார்ட்னர்ஷிப் கம்பெனி அதிகம். அம்மாவையும் மனைவியையும் பார்ட்னராகப் போட்டுவிடுவோம்; காட்டிய இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். கம்பெனியின் வரி பாக்கிக்குப் பார்ட்னர் ஒவ்வொருவரும் பொறுப்பு என்கிறது 90-ஆம் பிரிவு. விலகினால் ஒரு மாதத்துக்குள் கமிஷனருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் "உன்னையும் டைரக்டராப் போட்டுக்கறேன்" என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படுமுன் கணக்கைக் கேளுங்கள்.

அரசாங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நியாயமாகாது. பாக்கியை வசூலிப்பது அரசின் கடமை. நான் கட்டாத தொண்ணூறாயிரம், ஒழுங்காகக் கட்டிய என் பக்கத்து ஷெட்காரருக்கு நான் செய்த துரோகம். ஆனால் வசூலிக்கும் விதம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1998-ல் கொண்டுவந்த சட்டப்படி, வழக்கமான வழக்குகளில் ஜப்திக்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்து, விசாரணை கேட்கும் உரிமையையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2015-ல் வரித்துறைக்கு நேராக பேங்க் கணக்கிலிருந்து எடுக்கும் அதிகாரம் தந்தபோது, கடன்காரரின் கணக்குகளில் குறைந்தது 5,000 பவுண்டு விட்டுவைக்க வேண்டும், முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தே விதித்தார்கள். நம் பழைய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவிலும் அந்த இரக்கம் உண்டு. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் செய்பவரின் கருவி, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை இவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. 1908-ல் அடுப்படியை நினைத்துப் பார்த்த சட்டம், இன்று சனிக்கிழமைச் சம்பளத்தையும் நினைத்துப் பார்க்கலாம். ஒரு வாரக் கூலியை விட்டுவைத்துவிட்டு மிச்சத்தை முடக்கினால் அரசு ஏழையாகிவிடாது. நான் கட்டாததற்கு என் மாஸ்டர் ஏன் பாதிச் சம்பளம் வாங்க வேண்டும்? இந்தக் கோரிக்கையை நம் தொழில் சங்கங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூரில் பல பேருக்குப் பணம் சுழலவில்லை. அந்த மாதங்களில் எத்தனை பேர் 'இந்த மாச ஜி.எஸ்.டி.ய அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2019-ல் நான் சொன்ன வார்த்தை அதுவே. அதற்கான நோட்டீஸ் மூன்று வருடம், ஐந்து வருடம் கழித்துத்தான் வரும். அப்படித் தள்ளியவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே ஆடிட்டரிடம் போய்ச் சொல்லுங்கள். நோட்டீஸ் வருமுன் நாமாகப் போய்க் கட்டுவதைவிட மலிவான வழி சட்டத்தில் இல்லை.

நம் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் இருந்தார். லேத்தில் வித்தியாசமான சத்தம் வந்தால், "மொதல்ல ஆஃப் பண்ணு, அப்புறம் யோசி" என்பார். நோட்டீஸ் வந்ததும் அதைத்தான் செய்ய வேண்டும். வண்டியை நிறுத்துங்கள். காகிதத்தை யாரிடமாவது காட்டுங்கள். மனைவியிடம், ஆடிட்டரிடம், நம் சங்கத்தில் யாரிடமாவது. செயலாளர் அண்ணனிடம் நான் கேட்டிருக்கிறேன். நம் சங்கத்தில் ஆடிட்டராகவும் வக்கீலாகவும் இருக்கும் நண்பர்கள் சிலர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே உட்கார்ந்து, நோட்டீஸ் கொண்டுவருபவர்களுக்கு வழி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை டீயும் பஜ்ஜியும் என் செலவு.

வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். வெட்கப்பட்டவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இவ்வளவு நேரம் கேட்டீர்கள்.